பச்சைக் கட்டம்

"மம்மி, உனுக்கு வெரல் கீதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு அங்கிள அழுத்தச் சொல்றே?"

வின்னி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ராபர்ட்சன்பேட்டையில் டென்சிலின் பிரவுசிங் சென்டரில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஷைலா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஆதாரில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. "இங்க அழுத்துங்க அங்கிள், அங்க அழுத்துங்க அங்கிள்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் குழந்தைக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டாள். டென்சில் நாற்காலியைத் திருப்பிச் சிரித்தார். "உங்க மம்மி தொட்டா கம்ப்யூட்டரு பயந்துக்கும் கண்ணு." வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஷைலாவும் சிரித்தாள். டென்சில் நல்ல மனிதர், யாரையும் புண்படுத்திப் பேசத் தெரியாதவர். ஆனாலும் உரிகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் ஷைலா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வொயிட்ஃபீல்டு பக்கத்து கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஓடுகிற ஊசிக்கு அருகே பயமில்லாமல் போய்வரும் விரல்கள், ஒரு கண்ணாடித் திரையைக் கண்டால் மட்டும் ஏன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன?

குழந்தை அவ்வளவு சத்தமாகப் பேசியதை அன்று அவள் குறும்பு என்றுதான் நினைத்தாள். காரணம் வேறு என்று தெரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு சில நாள் தயங்கிய பிறகு, காலை ரயிலில் லவினாவிடம் ஷைலா கேட்டேவிட்டாள். "எனுக்கு இந்த நெட்டு பாக்கறதுக்கு சொல்லித் தர்றியா? வீடியோ பாக்கத் தெரியும். மத்தது ஒண்ணும் தெரியாது." லவினா சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுகிறவள். பெங்களூரில் ஒரு கூரியர் ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. "அதுக்கு இன்னாக்கா, தெனமும் ரெண்டு மணி நேரம் இந்த டப்பாவுலதானே ஒக்காந்துகினு போறோம்" என்றாள். அப்படித்தான் பெண்கள் பெட்டியில் பாடம் தொடங்கியது.

அந்தப் பெட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. மாரிகுப்பத்தில் ரயில் புறப்படும்போது பெட்டி காலியாக இருக்கும். அங்கே ஏறுகிறவர்கள் தங்களுக்கு மட்டும் இடம் பிடிப்பதில்லை. சாம்பியனில் ஏறப்போகிறவளுக்கு ஒரு கைக்குட்டை, உரிகத்தில் ஏறப்போகிறவளுக்கு ஒரு துப்பட்டா, அதற்கடுத்து ஏறுகிறவளுக்கு ஒரு டிபன் பை. வருகிறவள் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வராவிட்டாலும் பங்காருபேட்டை தாண்டும் வரை அந்த இடம் அவளுடையதுதான். இந்தச் சட்டத்தின் காவல் ரத்தினம்மா. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, ஐம்பத்தைந்து வயது, பெட்டியின் இரண்டு முனைக்கும் கேட்கும் குரல். ரத்தினம்மாவின் கைக்குட்டை கிடக்கும் இடத்தில் ரயில்வே மந்திரியே வந்தாலும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். வின்னி வயிற்றில் இருந்த மாதங்களில் ஷைலாவுக்கு ஜன்னலோர இடம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போடப்பட்ட கைக்குட்டையை மதிப்பது அந்தப் பெட்டியில் ஜெபத்தைப் போன்றது. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஏறிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் வந்துவிடும்.

"மேல நீட்டா ஒரு பொட்டி கீது பாருங்க. அதுலதான் அட்ரஸ் எழுதணும்" என்று லவினா முதல் நாள் காட்டினாள்.

"தபால்காரன் இல்லாத ஊருக்கு அட்ரஸு ஒரு கேடா?" என்றாள் ரத்தினம்மா. அவளும் பாடத்தில் சேர்ந்துவிட்டிருந்தாள். சேரவில்லை, சும்மா பார்க்கிறேன் என்பது அவள் வாதம்.

"அட்ரஸ் தெரியலன்னா, தேடறத எழுதினாலும் போதும் ஆன்ட்டி. அதுவே காட்டும்."

ஷைலா முதன்முதலாகத் தேடியது தன் ஊர் சர்ச்தான். உரிகம் என்றும் சர்ச் என்றும் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். சின்ன வட்டம் சுற்றியது. பிறகு, ஞாயிறுதோறும் அவள் போய் உட்காரும் அதே கட்டடம், அதே மணிக்கூண்டு, வாசலில் அதே வேப்பமரத்தோடு அவள் உள்ளங்கைக்குள் வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் மீது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஷைலா வெளியே பார்க்கவே இல்லை. யாரோ எப்போதோ எடுத்துப் போட்ட படம்தான் அது. ஆனால் கூப்பிட்டது அவள். கூப்பிட்டதும் வந்தது.

நாளாக ஆக பாடமும் வளர்ந்தது. பின்னால் போகும் அம்புக்குறி, பக்கத்தைப் புதுப்பிக்கும் வளைந்த அம்புக்குறி, ஒரு பக்கம் திறந்திருக்கும்போதே இன்னொன்றைத் திறக்கும் கூட்டல் குறி. போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, பாஸ்டர் குரலில் கேட்டாலும் சொல்லக்கூடாது. தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், அட்ரசை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டே உள்ளே போக வேண்டும். ஒரு நாள் ரத்தினம்மாவின் போனில் பரிசு விழுந்திருக்கிறது என்று ஏதோ மினுக்கியது. அவள் அழுத்தினாள். போன் அலறத் தொடங்கி, லவினா பிடுங்கி அணைக்கும் வரை நிற்கவில்லை.

"ஆன்ட்டி, சும்மா குடுக்கறேன்னு மினுக்கறத தொடவே கூடாது."

"எங்க ஊட்டுக்காரு ராஜேந்திரனும் அப்பிடித்தான் மினுக்கினாரு. தெரியாம தொட்டுட்டேன். முப்பது வருசமா அலறுது, நிறுத்தறதுக்கு ஆளில்ல."

பெட்டியே சிரித்தது. தூங்கிக்கொண்டு வந்தவர்கள் விழித்து என்ன என்று கேட்டு மறுபடியும் சிரித்தார்கள்.

அந்த ஜனவரியில்தான் வின்னியின் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமை ஆசிரியை ஷைலாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். பின்னாலிருந்து கூப்பிட்டால் பெண் திரும்புவதில்லை. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் எதையும் எழுதுவதில்லை. வாயைப் பார்த்துத்தான் பாடம் புரிந்துகொள்கிறாள். காதைப் பரிசோதித்து மெஷின் வைத்தால் இங்கேயே படிக்கலாம். இல்லாவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது, கோலாரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே சேர்ப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. அவர் சொன்னதில் கோபமோ அலட்சியமோ இல்லை. அதனால்தான் ஷைலாவால் சண்டை போடவும் முடியவில்லை. இருட்டில் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்காமல் தூங்காத பெண். விடுதியில் அவள் யாரைத் தொடுவாள்?

பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்து, மெஷினும் கொடுக்கிறார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஆனால் டோக்கன் அவர்களுடைய இணையதளத்தில் மட்டும்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் திறக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த மாதத்து டோக்கன் முழுவதும் தீர்ந்துவிடும். டென்சிலிடம் இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தாள். "நான் வந்து ஷட்டர் தூக்கறதுக்குள்ள காலி ஷைலா. எனுக்கு மனசு கேக்கல. உன் கையிலதான் போன் கீதே, நீயே பாரேன்" என்றார் அவர். கேலியாக இல்லை, நிஜமாகவே சொன்னார். மூன்றாம் மாதம் அவளே பார்த்தாள். ரயில் டேக்கல் பாறைகளுக்கு நடுவே போகையில் சிக்னல் போய்விட்டது. இனி மே மாதம் ஒன்றுதான் மிச்சம்.

மே மாத முதல் திங்கட்கிழமை புறப்படும் முன், தூங்கிக்கொண்டிருந்த வின்னியின் காதின் மேல் கையை வைத்து ஷைலா ஜெபம் செய்தாள். உரிகத்தில் ஏறியபோது பெட்டியே அவளுக்காகத் தயாராக இருந்தது. ரத்தினம்மா ஜன்னலோரத்துத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு, எழுந்து நின்று அறிவித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கு எவளும் நெட்டு போடக்கூடாது. டவரு மொத்தமும் ஷைலா போனுக்குப் போவணும். சீரியலு பாக்கறவ எழுந்து அடுத்த பொட்டிக்குப் போ."

"அப்பிடியெல்லாம் இல்ல ஆன்ட்டி" என்று லவினா சிரித்தாள். ஆனால் அவளும் தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஒருத்தி பின் ஒருத்தியாகப் போன்கள் அணைந்தன. அவர்கள் அணைத்ததால் ஷைலாவுக்கு எவ்வளவு சிக்னல் கூடியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால் அவள் விரல் அன்று பின்வாங்காமல் திரையைத் தொட்டது.

கர்த்தர் அன்று ரயிலையும் நிறுத்தி வைத்தார். பங்காருபேட்டையில் ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் கடக்க வேண்டும் என்று வண்டி நின்றுவிட்டது. தினமும் அந்த நிற்றலைத் திட்டுகிற வாய்கள், "நிக்கட்டும் சாமி, நல்லா நிக்கட்டும்" என்றன. ஏறிய கூட்டத்தில் லவினா நெருக்கப்பட்டுக் கதவுப் பக்கம் போய்விட்டாள். ஷைலா தேடினாள். முதலில் பளபளவென்று வந்ததைத் தாண்டிக் கீழே போனாள். அட்ரசை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சரிதான். உள்ளே போனாள். மாதத்தின் நாட்கள் வரிசையாக, ஒவ்வொரு நாளுக்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். சாம்பல் நிறம் என்றால் யாரோ எடுத்துவிட்டது. பச்சை என்றால் காலி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைகள் சாம்பலாயின. ஒரு வியாழக்கிழமைக் காலையை அழுத்தினாள். கட்டம் மஞ்சளாயிற்று. மேலே கடிகாரம் போல ஏதோ எண்கள் ஓடத் தொடங்கின, கீழே பெயர் எழுதச் சொல்லி இடம் வந்தது. வின்னி என்று ஆங்கிலத்தில் எழுதி, வயதும் போன் எண்ணும் எழுதினாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த நேரத்தில்தான், இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்பதை ரத்தினம்மா பார்த்தாள்.

"ஏம்மே, கொழந்தைய வெச்சிகினு நிக்கறே? சொல்ப நகருங்கடி. வா கண்ணு, ஒக்காரு. எங்க போறே?"

அவள் பெயர் அமலா. பங்காருபேட்டைதான் ஊர். அதே ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போன வாரமும் போனேங்க. நெட்டுல டோக்கன் எடுத்துகினு வான்னு அனுப்பிட்டாங்க. எனுக்கு அதெல்லாம் தெரியாது. அவரு லாரியில பூனா போயிகிறாரு. இன்னிக்கும் போய் கால்ல விழுந்தாவது பாக்கலாம்னு…" மடியில் இருந்த பையனுக்கு ஒரு வயது இருக்கும். உதய் என்று பெயராம். ரத்தினம்மா தன் வளையல்களை அவன் காதருகே குலுக்கினாள். அவன் திரும்பவில்லை. அவள் முகம் அசைந்ததைப் பார்த்துத்தான் சிரித்தான்.

ஷைலா தன் போனைப் பார்த்தாள். தன் கட்டம் மஞ்சளாக, தன் மகள் பெயரோடு, பத்திரமாக இருந்தது. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து பச்சைகள். இடம் போட்டாகிவிட்டது. போட்ட இடம் எங்கே போய்விடும்? நின்றுகொண்டிருக்கிறவளுக்கு முதலில் ஒரு இடம் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்துகொள்ளலாம். இத்தனை வருடம் அந்தப் பெட்டி அவளுக்குச் செய்ததும் அதுதானே. இதையெல்லாம் அவள் யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகவே போய்க் கூட்டல் குறியை அழுத்தி, புதுப் பக்கத்தைத் திறந்தது.

"உன் போன் நம்பர் சொல்லு. பையன் பேரு முழுசா சொல்லு."

பச்சை ஒன்று மஞ்சளாயிற்று. பெயர், வயது, எண். கடைசியில் கன்ஃபர்ம் என்ற பொத்தான். அழுத்தினாள். ஒரு பெரிய சரி குறி எழுந்தது. அமலாவின் பைக்குள் டிங் என்று சத்தம். கீறல் விழுந்த பழைய போனை எடுத்து அவள் காட்ட, உதய் என்ற பெயரும் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதில் இருந்தன. பெட்டியே கைதட்டியது. அமலா ஷைலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அந்த நிமிடம் ஷைலாவுக்கு இருந்த பெருமையை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. தன் விரல். தன் ஒரு விரல், ஒரு குழந்தைக்காக ஒரு ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்திருக்கிறது.

பிறகு அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மஞ்சள் கட்டம் இல்லை. ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். உங்களுக்கான நேரம் முடிந்துவிட்டது, மறுபடியும் தேர்ந்தெடுக்கவும். திரும்பிப் போனாள். மாதம் முழுக்கச் சாம்பல்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு லவினா வந்து சேர்ந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, கன்ஃபர்ம் அழுத்தலயா?"

"எடம் போட்டுட்டேனே லவினா. பேருகூட எழுதிட்டேன். அந்தப் பொண்ணுக்கு போட்டுட்டு வந்து…"

"அங்க எடம் போட்டு வெக்க முடியாதுக்கா. கொஞ்ச நேரந்தான் புடிச்சி வெப்பாங்க. மேல ஓடிகினு இருந்துச்சே, அது கடிகாரம் இல்லக்கா. உங்களுக்கு குடுத்த நேரம். நான் இத சொல்லித் தரலியே…" லவினா மறுபடியும் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"போட்ட எடத்த எவ எடுத்தா?" என்று ரத்தினம்மா சீறினாள். "பேரு எழுதின எடத்துல வந்து ஒக்காருவாளா ஒருத்தி? எந்த ஊருக்காரி அவ?"

"தெரியாது ஆன்ட்டி. அங்க ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது."

வண்டி புறப்பட்டது. அமலாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க பொண்ணுக்கு மாத்திக்குங்க. நான் எப்பிடியாவது பாத்துக்கறேன்."

ஷைலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளை நினைத்தாள், கோலாரை நினைத்தாள். எடுத்துக்கொள் என்று ஒரு குரல் அவளுக்குள்ளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அவள் அந்தப் போனை அமலாவின் பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள். "உன் கொழந்த பேருல எடுத்தது உன் கொழந்தைக்கு. அத இன்னொரு தபா சொல்லாத." பிறகு, கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாததாலோ என்னவோ, "உனுக்கு இது தெரியாதுன்னியே. கத்துக்கறியா?" என்றாள்.

டேக்கல் தாண்டி, மாலூர் தாண்டி, வொயிட்ஃபீல்டு வரும் வரை அவள் சொல்லிக் கொடுத்தாள். லவினா சொன்ன அதே வரிசையில்: நீட்டுப் பெட்டி, அட்ரஸ், எழுத்துக் கூட்டிப் படிப்பது, வளைந்த அம்புக்குறி. பெயர் எழுதப் பழக்க, வின்னியின் பெயரையும் வயதையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினாள். ஒன்றை மட்டும் லவினா சொல்லாததாகத் தானே சேர்த்தாள். "மொதல்ல கன்ஃபர்ம். அப்புறந்தான் மத்ததெல்லாம்." அமலாவின் விரல் முதலில் திரையைத் தொடப் பயந்து, தொட்டு, உடனே பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலை ஷைலாவுக்கு நன்றாகத் தெரியும். "தொடு. கடிக்காது" என்றாள். ரத்தினம்மா பக்கத்தில் நின்றவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரல் என்றால் அவளுக்குத் தாழ்ந்த குரல், பெட்டிக்கே கேட்டது. "எங்க உரிகத்துப் பொண்ணு. பத்தாவதுதான் படிச்சிகிறா. நிக்கற வண்டியில டோக்கன் எடுத்துக் குடுத்துட்டா பாத்தியா?"

ஷைலா இறங்குமுன் லவினா ஒன்று சொன்னாள். யாராவது வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தக் கட்டம் மறுபடி பச்சையாகும். ஆனால் எப்போது ஆகும் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனவுடன் யாராவது எடுத்துவிடுவார்கள். ஷைலா தலையசைத்தாள். தொழிற்சாலை வாசலில் போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். லவினாவும் ஆபீசில் போனைத் தொட முடியாதவள். பார்த்துக்கொண்டே இருக்க அந்தப் பெட்டியில் யாரால் முடியும்? அமலா குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஷைலா வின்னியை எதிரில் உட்கார வைத்து, தன் உதடுகள் தெரியும்படி நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை. தப்பையும் சொன்னாள். வின்னி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "அந்தப் பாப்பாவுக்கு நீயே அழுத்தினியா? உன் வெரலாலயா?" என்றாள். ஆமாம் என்றாள் ஷைலா. மகள் அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷைலாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அது முழுக்கத் துக்கம் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் மனோகர் போன் செய்தபோது, முதலில் அமலாவின் குழந்தைக்கு டோக்கன் கிடைத்ததைச் சொல்லிவிட்டுத்தான் தங்களுக்குக் கிடைக்காததைச் சொன்னாள். "பரவால்ல, நீ இவ்ளோ பண்ணியே" என்றான் அவன். சாயங்காலமும் விடியற்காலையிலும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபடி இருந்தாள். சாம்பல்தான்.

பங்காருபேட்டையில், ரயில்வே லைனுக்குப் பின்புறத்து வீட்டில், அமலாவும் திறந்து பார்த்தபடி இருந்தாள்.

அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை உதயைக் கொண்டுபோனாள். பரிசோதித்தார்கள். சின்ன வயதிலேயே கொண்டு வந்தது நல்லது, மெஷின் வைத்துப் பழக்கினால் பேச்சு வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதவள், அழுது முடித்ததும் பையிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்து, நீட்டுப் பெட்டியில் அதே அட்ரசை எழுதினாள். அன்றிலிருந்து அரிசி கொதிக்கும்போது ஒரு தரம், குழாயடியில் குடம் நிறையும்போது ஒரு தரம், உதய்க்கு ஊட்டும்போது வாய்க்கு வாய் நடுவே ஒரு தரம். வளைந்த அம்புக்குறி. சாம்பல். வளைந்த அம்புக்குறி. சாம்பல். ஒருமுறை பச்சை வந்தது. அவள் விரல் போவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். அன்று சோறு கரிந்தது. மறுநாள் அவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழிந்து ஒரு மத்தியானம். லாரி ஊரில் இல்லை, கணவன் திலீப்பும் இல்லை. உதய் தரையில் விரித்த புடவையில் கை கால்களை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே ஸ்டேஷனில் கன்னடத்திலும் இந்தியிலும் ஏதோ வண்டி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்தினாள். சாம்பல் கட்டங்களுக்கு நடுவே, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குக் கீழே, ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது.

அவள் அழுத்தினாள். மஞ்சள். மேலே எண்கள் இறங்கத் தொடங்கின. பெயர். ரயிலில் ஷைலாவின் போனில் பார்த்த அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து வைத்தாள். ஒன்று தப்பிப் போயிற்று. அழித்து மறுபடி வைத்தாள். வயது எட்டு. போன் எண் கேட்ட இடத்தில், சந்தேகம் இருந்தால் கூப்பிடு என்று ஷைலா அக்கா கொடுத்துவிட்டுப் போன எண். உதய் தூக்கத்தில் புரண்டு சிணுங்கினான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. முதலில் கன்ஃபர்ம். விரலைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்து அழுத்தினாள்.

பெரிய சரி குறி எழுந்தது.

அமலா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தன் வாழ்க்கையில் தானே, தன் கையால், வேறொருவருக்காகத் திறந்த முதல் கதவு அது. ஷைலா அக்காவைக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். சொன்னால் அவர்கள் நன்றி சொல்லுவார்கள். நன்றி சொல்ல வேண்டியவள் தானல்லவா? தேதியும் நேரமும் அவர்களுக்குத் தானாகவே போய்ச் சேரும். அனுப்பியது யார் என்று அதில் இருக்காது. அதுவே நல்லது என்று பட்டது. பக்கத்தை மூடினாள். சிணுங்கிய மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

அதே நேரத்தில் வொயிட்ஃபீல்டில், தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு அப்பால், தொழிற்சாலை வாசலையொட்டிய அறையில், பூட்டியிருந்த இரும்பு லாக்கர் ஒன்றுக்குள் டிபன் பைக்கும் மடித்த துப்பட்டாவுக்கும் நடுவே ஒரு போன் டிங் என்றது. அதன் வெளிச்சம் லாக்கரின் நான்கு சுவர்களிலும் ஒருமுறை பட்டு, கொஞ்ச நேரம் இருந்து, அடங்கியது.